நூற்றில் ஒரு வீடு

கரட்டுப்புதூர் மாரியம்மன் கோயில் பல்லி, கொப்பரைக் களத்தில் எடை போடும் தனபாலின் கைப்பேசிக்குள் போய்விட்டது என்ற செய்தி பக்கத்து ஊரான எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, எங்களில் யாரும் அதை நம்பாமல் இல்லை. ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் எதையும் அம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் தொடமாட்டார்கள், புது மோட்டார், டிராக்டர் சாவி, காலேஜ் சேரப்போகும் பெண்ணின் மார்க் ஷீட், ஏன், ஒருவருடைய புதுப் பல்செட்கூட எலுமிச்சம்பழத்தோடு அந்தக் காலடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வாய்க்குள் போனது, அப்படியிருக்க என்றைக்காவது ஒருநாள் அம்மன் பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்று இறங்கி வந்து அவர்கள் வைத்ததில் ஏறிக்கொள்ளும் என்று நாங்கள் எதிர்பார்த்தே இருந்தோம். பல்லியாக இருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

தனபால் கெட்டவன் இல்லை. மத்தியானச் சோற்றுக்கும் கொப்பரை லாரி வருவதற்கும் நடுவில் கிடைக்கிற சும்மா நேரத்தில் கைப்பேசியில் போக்கர் ஆடப் பழகினான், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் முகம் தெரியாதவர்கள், ஒருத்தன் பேர் புலி, ஒருத்தன் பேர் வெறும் நம்பர், எல்லோரும் சேர்ந்து இவனைத் தேங்காய் உரிப்பதுபோல உரித்தார்கள், முதலில் மோட்டார் சைக்கிள் போனது, பிறகு சம்பளம் வீட்டுக்கு வருவது நின்றது. அப்போதுதான் யூடியூபில் ஒரு தம்பி, "வெறுங்கையோட மேசையில உக்காராதீங்க நண்பர்களே, புதுசா ஆடறவங்களுக்குன்னே மூணு டூல் இருக்கு" என்று சொன்னான். ஒன்று, எந்தச் சீட்டு வந்தால் உட்காரலாம், எது வந்தால் எழுந்துவிடலாம் என்று கட்டம் போட்டுக் காட்டுவது. இன்னொன்று, எதிராளி எப்போது பயப்படுவான், எப்போது பொய்க்கு மிரட்டுவான் என்று பார்த்துப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது. மூன்றாவது, கையிலிருக்கும் சீட்டைச் சொன்னால் ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஒரு நீளக் கோட்டில் எண்ணைக் காட்டுவது. மூன்றையும் இறக்கிக்கொண்டு, புதுப் பொருள் என்பதால் வெள்ளிக்கிழமை பூசைக்குக் கைப்பேசியை அம்மன் காலடியில் வைத்தான். மயில்சாமிப் பண்டாரம் கற்பூரம் காட்டினார். சிலைக்குப் பின்னாலிருந்த பல்லி இறங்கி வந்தது, கண்ணாடிமேல் கொஞ்ச நேரம் படுத்திருந்தது, பிறகு தண்ணீருக்குள் தலையைக் கொடுப்பதுபோலக் கொடுத்து உள்ளே போய்விட்டது. பண்டாரம் தட்டில் விழுந்த ஐந்து ரூபாயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

அந்தப் பல்லி சாதாரணப் பல்லி இல்லை, ஊருக்கு வாக்குச் சொல்லுகிற பல்லி. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கலாமா என்று கேட்டுவிட்டுச் சன்னதியில் கையைக் கட்டி நின்றால், அம்மனுக்கு வலப்பக்கம் இருந்து சொன்னால் சரி, இடப்பக்கம் இருந்து சொன்னால் வேண்டாம். பல நாள் எந்தப் பக்கமும் சொல்லாது. சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் நாலு பேரைக் கேட்டு அவரவர் புத்திக்கு எட்டியதைச் செய்ய வேண்டியதுதான், அது நல்லதாக முடிந்தாலும் கெட்டதாக முடிந்தாலும் ஊரே கூட இருந்து சுமக்கும். இப்போது பல்லி கண்ணாடிக்கு அந்தப்பக்கம், அந்த நீளக் கோட்டின்மேல் ஓடியது. சீட்டைக் காட்டினால் ஓடிப்போய் ஓர் எண்ணில் நின்று வாலைக் குறுக்கே போட்டு ஒரு தடவை சத்தம் கொடுத்தது. வால் எந்த எண்ணில் கிடக்கிறதோ அதுதான் கணக்கு.

கேட்டது எதற்கும் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை என்பதுதான் புதுசு.

பண்டாரம் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனபால் வீட்டுக்கே வந்தார்.

"அம்மிணி, தனபாலு இருக்காப்லீங்களா?"

தனபாலின் மனைவி கோகிலவாணி, இடுப்பில் தொற்றியிருந்த மகள் கனிஷ்காவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். "உள்ளதான் இருக்காருங்க. கூப்புட்டாக் காது கேக்காது."

"ஆத்தா உங்கூட்ல இருக்கா. நான் அங்க வெறுங்கல்லுக்குத் தண்ணி ஊத்தீட்டிருக்கறேன்."

"நீங்களே கொண்டு போயிருங்க சாமி. பல்லி வேணும்னாலும் எடுத்துக்கங்க, போன் வேணும்னாலும் எடுத்துக்கங்க. மனுசன் சோறு திங்கட்டும்."

அவள் அந்தக் கைப்பேசியைத் தன் கையாலேயே எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, பண்டாரத்தின் தட்டில் வைத்தாள். விட்டது சனியன் என்று அன்று நிம்மதியாக உலை வைத்தாள். பாவம்.

கரட்டுக் குன்றின் அடியில், ஊரைவிட்டுத் தள்ளி இருந்த கோயிலுக்குத் தர்மகர்த்தா சாமியப்பன் சொந்தச் செலவில் இன்னொரு பிளக் பாயிண்ட் போட்டுக் கொடுத்தார். காலையில் அபிஷேகத்துக்கு முன்னால் சார்ஜ் ஏற்றுவது என்றும், மின்சாரம் போனால் பேட்டரிக்காக இன்வெர்ட்டர் வைப்பது என்றும், கண்ணாடியில் விபூதி படாமல் துடைக்க ஒரு பட்டுத்துணி என்றும் முறைகள் உண்டாயின, கேள்வியை அந்த டூலுக்குப் புரிகிற மாதிரி போடத் தெரிந்தவன் தனபால் ஒருத்தன்தான் என்பதால் அவனுக்குப் பண்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணை போடப்பட்டது. தெருவில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனைங்க?" என்று கேட்டார்கள். "எம்பத்தஞ்சுங்க." "அப்பறமென்னங்க, ஜோரா ஆரம்பிங்க." கல்யாணப் பத்திரிகையிலேயே எண்ணை அச்சடித்தவர்களும் உண்டு.

இங்கேதான் அந்த ஊர்க்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள், அம்மன் வாக்கில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். எண்பது என்று பல்லி சொன்னதும் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் இருபது யாரோ ஒருவருக்குத் தனியாக எடுத்து வைக்கப்பட்ட பங்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேலுச்சாமி என்பவர் எண்பது வாங்கிக்கொண்டுபோய் ஆழ்துளைக் கிணறு போட்டார். ஆயிரம் அடிக்கும் புழுதிதான் வந்தது. கோயில் முன்னால் வந்து மண்ணை வாரித் தூற்றினார், பண்டாரம் பதறவில்லை.

"ஆத்தா பொய் சொல்லுலீங்க. எம்பதுன்னுதான் சொன்னா. நீங்க மிச்சத்துல உழுந்துட்டீங்க, அவ என்ன பண்ணுவா?"

அந்தச் சொல் அன்றே ஊரெல்லாம் பரவியது. மிச்சத்தில் விழுந்தவர். வேலுச்சாமியோடு கிணற்றுக்குக் கேட்டு அதே எண்ணை வாங்கியிருந்தவர்கள், அவர் விழுந்துவிட்டதால் தங்களுக்கு இனி அந்தப் பங்கு இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு அரிசி மூட்டையும் பூசணிக்காயும் கொண்டுபோய் இறக்கினார்கள், உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள், எழுந்து வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததை வேலுச்சாமியின் மனைவி பார்த்தாள். பிறகு அவர்களில் ஒருவருக்கும் புழுதி வந்தது. அது வேறு எவனோ போக வேண்டிய இடம், இவன் தெரியாமல் போய் விழுந்துவிட்டான் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார்கள். மிச்சத்தில் விழுந்தவர்களை யாரும் திட்டவில்லை, ஒதுக்கவில்லை, நல்ல காரியத்துக்குக் கூப்பிட மட்டும் மறந்தார்கள். ஒருவர் வீட்டில் இழவு விழுந்தால் ஊரே உலை வைக்காது என்றிருந்த இடத்தில், ஒருவர் விழுந்தால் பக்கத்து வீட்டில் பாயசம் கொதித்தது.

அடுத்த வருசம் கொசுக்காய்ச்சல் வந்தது. எங்கள் ஊரிலும் நிறைய வீடுகளில் படுத்தார்கள், சுடுகாட்டுப் பாதையில் புல் முளைக்க நேரமில்லை. கரட்டுப்புதூரில் யாருக்கும் இன்னும் வரவில்லை. சாமியப்பன் ஊரைக் கூட்டிச் சன்னதியில் நிறுத்தி, இந்தக் காய்ச்சலில் ஊருக்கு உயிர்ச்சேதம் இல்லாமல் இருக்குமா என்று கேட்கச் சொன்னார். தனபால் கேள்வியைப் போட்டான். பல்லி ஓடியது, ஓடியது, கோட்டின் கடைசிக்கே ஓடிப்போய் ஒரு முடி இடம் விட்டு வாலைப் போட்டது.

தொண்ணூற்றொன்பது.

ஊர் குலவையிட்டது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தச் சத்தம் ஓய்கிற நேரத்தில் பண்டாரம், யாரையும் பார்க்காமல், விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்:

"நம்மூர்ல வரி கட்டற ஊடு நூறுங்க."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள், தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கழுவினார்கள், பிறகு ஜன்னல் வழியாக அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்த ஒரு வீடு எதுவென்று தெரிந்துவிட்டால் தேவலை என்று மட்டுமே நினைத்தார்களாம்.

முதல் காய்ச்சல் கனிஷ்காவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மளிகைக்கடையில் நல்லாத்தாள் என்ற பெண் கடுகு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங், காய்ச்ச வந்து நல்லாயிட்டா அது கணக்குல சேருமுங்களா?" கடைக்காரர் கடுகை எடை போட்டபடியே யோசித்து, "சேராதுன்னுதான் நெனைக்கறேன்" என்றார். குழந்தை பிழைத்துக்கொண்டால் அந்த இடம் மறுபடி காலியாகிவிடும் என்பது அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆளாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இரண்டாம் நாள் வெயில் ஏறும்போது குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தது. கோகிலவாணி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள், வருகிறோம் என்றார்கள், வரவும் செய்தார்கள். ஆனால் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, தனபால் வீடு எந்தப் பக்கம் என்று டிரைவர் கேட்டபோது, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் டீயைப் பார்த்தார்கள், யாரோ ஒருவருடைய கை மட்டும் தெற்கே நீண்டது. தெற்கே கல்குவாரிதான் இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று இதுவரை யாருக்கும் தெரியாது, அங்கே இருந்தவர்களுக்கும் தெரியாது.

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியப்பன் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் கார் கழுவி நின்றது.

"மாமா, வண்டி எடுங்க மாமா. புள்ளைக்கு ரத்தம் வருதுங்க."

சாமியப்பன் எழுந்து நின்றார். மேல்துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அடடா. பேட்டரி டவுனாயிருச்சே கண்ணு. நேத்திருந்தே ஸ்டார்ட் ஆகறதில்ல."

"ஊருக்குள்ள வேற வண்டி சொல்லிவிடுங்க மாமா. நீங்க சொன்னா எடுப்பாங்க."

"சொல்றேன், சொல்றேன். நீ மொதல்ல உள்ள வந்து உக்காரு. எளநி ஒண்ணு வெட்டச் சொல்றேன், புள்ளைக்குக் குடு."

இளநீர் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் அவள் முந்தானையில் ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கொட்டினார்கள். சாவி மட்டும் எந்த வீட்டிலும் இல்லை. ஒருவருக்குச் சாவியை மச்சான் கொண்டுபோய்விட்டான், ஒருவருக்கு டயர், ஒருவருக்குப் பெட்ரோல், மொபெட் வைத்திருந்தவருக்கு முதுகு. அந்த ஊரில் அன்றைக்கு ஒரு வண்டியும் ஓடவில்லை, களத்தில் காயும் கொப்பரையைக் கொத்தும் காக்காயின் சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு ரோடு அமைதியாக இருந்தது.

கடைசியில் அவள் கோயிலுக்கு ஓடினாள், அங்கே தனபால் மணையில் உட்கார்ந்திருந்தான். மகள் பிழைப்பாளா என்று கேட்டிருந்தான்.

"தொண்ணூறு காட்டுது கோகிலா," என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். "தொண்ணூறு. சீட்டுல இப்படியொரு கை வந்தா யாராச்சும் கீழ வெப்பாங்களா? பதறி எந்திரிக்கறவன்தான் தோப்பான். பேசாம உக்காரு."

கோகிலவாணி அவனைப் பார்த்தாள். பிறகு ஆரஞ்சுப் பழங்களை அங்கேயே உதறிவிட்டு, வாய்க்கால் மேட்டு வழியாக, கருவேல முள்ளுக்குள் புகுந்து, செருப்பு எங்கே கழன்றது என்று பார்க்காமல் மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள். தோளில் கிடந்த குழந்தை முதலில் தண்ணீர் கேட்டது, பிறகு குளிருது என்றது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெளியூர் வைக்கோல் லாரி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, அவள் காலைப் பார்த்து, எவ்வளவு தூரம் நடந்தீங்க என்று மட்டும் கேட்டார்.

அடக்கத்துக்கு ஊரே திரண்டது. நாங்களும் போயிருந்தோம். அத்தனை பூவை நான் ஒரு குழந்தைக்குப் பார்த்ததில்லை. குழந்தையைக் கொண்டுபோகச் சாமியப்பனின் கார் வந்தது, அன்றைக்கு அது ஒரே சாவித் திருகலில் ஸ்டார்ட் ஆனது. நல்லாத்தாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், அந்த அழுகை பொய்யில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அழுதுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் பல நாளைக்குப் பிறகு அன்றுதான் கதவைத் திறந்துவைத்துத் தூங்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும், அம்மனுக்கு நன்றி சொல்லிப் பொங்கல் வைப்பது என்று முடிவானது. ஊரில் ஒரு வீடு விடாமல் வந்தார்கள், கார்களும் டெம்போக்களும் கோயில் பாதையில் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன, கிடா வெட்டினார்கள், பெண்கள் கோலம் போட்டார்கள். கோகிலவாணியும் வந்து தூணோரம் நின்றாள். அவளைக் கூப்பிட யாரும் மறக்கவில்லை, ஆனால் அவள் பக்கத்தில் நிற்கத்தான் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. சாமியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இப்ப அதே காய்ச்சக் கேள்வியக் கேளப்பா" என்றார். எல்லோரும் நூறு என்ற சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

தனபால் கேள்வியைப் போட்டான். பல்லி ஓடியது, ஓடியது, கோட்டின் கடைசிக்கே ஓடிப்போய், ஒரு முடி இடம் விட்டு வாலைப் போட்டது.

பானை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

"எத்தனைங்க சாமி?" என்று தூணோரத்திலிருந்து கோகிலவாணி கேட்டாள்.

பண்டாரம் திரையை எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தொம்பதுங்க அம்மிணி."

"அப்ப எம்புள்ள எதுலீங்க சேந்தா?"

பல்லி சத்தம் கொடுக்கவில்லை. தனபால் திரையைத் துடைத்துத் துடைத்து மறுபடி கேட்டான், மறுபடி அதே எண், மறுபடி கேட்டான். கூட்டத்தில் ஒவ்வொருவரும் கண்ணை மெல்லத் திருப்பி இன்னொருவரைப் பார்த்தார்கள், பார்க்கப்பட்டவர் வேறொருவரைப் பார்த்தார்.

அந்த உச்சி வெயிலில், சாமியப்பனின் மருமகள் தோளில் கம்பளிச் சட்டை போட்டுக் கிடந்த அவருடைய பேத்தி கண்ணைத் திறந்து, "அம்மா, குளிருது" என்றாள்.

மருமகள் குழந்தையின் வாயைக் கையால் பொத்தினாள். அதற்குள் அவளைச் சுற்றி வட்டமாக இடம் விட்டுவிட்டார்கள். சாமியப்பன் தன் காரைப் பார்த்தார். அது நடுவில் நின்றது, முன்னாலும் பின்னாலும் ஊர் வண்டிகள்.

"ஏப்பா, அந்த வண்டிகளைக் கொஞ்சம் எடுங்கப்பா. வெசையா எடுங்கப்பா."

ஒவ்வொருவரும் சட்டைப்பையைத் தடவினார்கள். "சாவிய எங்க வெச்சனோ தெரியலீங்களே," என்றார் ஒருவர். "பேட்டரி டவுனுங்க மாமா," என்றார் இன்னொருவர், மிகவும் வருத்தத்தோடு. நல்லாத்தாள் இளநீர் வெட்ட அரிவாள் தேடினாள். சாமியப்பன் எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் தூணோரம் பார்த்தார்.

கோகிலவாணியின் மனசில் அப்போது என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொன்னால் அது பொய். பிறகு அந்த வட்டத்துக்குள் வந்தாள். மருமகளின் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றி, குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள், முன்பு கனிஷ்கா கிடந்த அதே தோளில்.

"நடங்க மாமா," என்றாள். "வாய்க்கா மேட்டு வழியில போனா ரோடு கிட்ட. முள்ளு இருக்குது, பாத்து வாங்க."

அவள் முன்னால் நடந்தாள்.